கால் குடிகாரர்கள் நால்வர்

மாணவர் விடுதியொன்றின் உணவுக்கூடத்தில் நெடுங்காலம் பரிமாறிவந்த செபமாலை என்பவர், 1996ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், குழம்பு வாளியைக் கீழே வைக்காமலே சொன்ன கதை இது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டதற்கு, "எல்லாத்துலயும் நடந்திருக்கும், சாப்பிடுங்க" என்றார். ஆகவே ஊர்ப்பெயர் இங்கே இல்லை.

விடுதியின் கடைசி அறையில் தவசிமுத்து, அருளப்பன், கலியமூர்த்தி, உலகநாதன் என நால்வர் இருந்தனர். சுக்குக் காப்பியைவிடக் காரமான எதையும் அவர்கள் குடித்தறியார். தவசிமுத்துவுக்கு இதில் தனி அச்சமும் உண்டு. அவன் தந்தை மாவு மில் வைத்திருந்தார். மகனைப் பேருந்தில் ஏற்றிவிடும்போது, "குடிச்சேன்னு ஒரு சொல்லு என் காதுல விழட்டும், படிப்பை நிறுத்தி மில்லுல மிளகாய் அரைக்க விட்டுருவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். மிளகாய் நெடி ஏறினால் தவசிமுத்துவுக்குத் தும்மல் நாள்கணக்கில் நிற்காது.

ஒரு சனிக்கிழமை, காப்பாளர் மாணவர்களை எல்லாம் கூட்டி வைத்து அறிவித்தார்: "பல்கலைக்கழகம் ஆய்வு பண்ணியிருக்கு. நம்ம பசங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தர் குடிக்கிறாராம். அந்த ஒருத்தர் நாளைக்குள்ள தானா வந்து என்கிட்ட ஒத்துக்கணும். மறைச்சா, அறையில உள்ள எல்லாரையும் வெளியே அனுப்பிருவேன்."

நால்வரும் அறைக்குத் திரும்பித் தங்களை எண்ணிப் பார்த்தனர். சரியாக நான்கு பேர் இருந்தார்கள்.

"நான் குடிக்கிறதில்லப்பா" என்றான் தவசிமுத்து, முந்திக்கொண்டு.

"நானும் இல்ல" என்றனர் மற்ற மூவரும்.

"அப்ப பல்கலைக்கழகம் பொய் சொல்லுதா?" என்று கேட்டான் அருளப்பன். அப்படியொரு பழியைச் சுமத்த ஒருவருக்கும் துணிவில்லை.

கலியமூர்த்தி நெடுநேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எங்க சித்தப்பா குடிப்பாரு. கேட்டா, குடிக்கலன்னு தான் முதல்ல சொல்லுவாரு. இங்க யாரு முதல்ல சொன்னது?"

மூன்று தலைகளும் தவசிமுத்துவின் பக்கம் திரும்பின.

"டேய், சத்தியமா நான் குடிச்சதே இல்லடா!"

"இதுவரைக்கும் குடிக்கலன்னு சொல்லு, மாப்ள" என்றான் உலகநாதன் பரிவோடு. "படிச்சவங்க முன்கூட்டியே கண்டுபிடிச்சிருப்பாங்க."

தவசிமுத்துவுக்கே தன்மேல் ஐயம் வந்துவிட்டது. உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தான். காலையில் தின்ற வெங்காயச் சட்னிதான் மணத்தது. "ஒத்துக்கிட்டா மில்லு. ஒத்துக்கலன்னா நாலு பேரும் தெருவுல" என்று தலையில் கைவைத்து அழத் தொடங்கினான்.

அழுகை பொறுக்காத அருளப்பன் ஒரு வழி கண்டான். "அறைக்கு ஒரு குடிகாரன் வேணும், அவ்வளவுதானே? ஆளுக்குக் கால்வாசி குடிகாரன் ஆயிருவோம். நாலு கால் சேர்ந்தா ஒன்னு. ஆய்வும் மெய்யாகும், நம்மள்ல ஒருத்தனும் குடிகாரன் ஆக மாட்டான்."

இந்தக் கணக்கின் அழகில் மயங்கி நால்வரும் மதுக்கடைக்குக் கிளம்பினர்.

மதுக்கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமல், "குவார்ட்டரா, ஆஃபா?" என்றார்.

"பாத்தியா, அவருக்கே தெரிஞ்சிருக்கு!" என்று சிலிர்த்துப்போனான் உலகநாதன். குவார்ட்டரே வாங்கினர்.

குப்பியின்மேல், மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதியிருந்தது. விடுதி வீடாகாது என்பதால் ஒரு கேடு உடனே கழிந்தது. நாட்டுக்கு வரும் கேட்டை நாடெங்கும் பிரித்துக்கொள்வார்கள். எஞ்சிய உயிர்க்கேட்டையும் நான்காகப் பங்கிட்டபோது ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மருந்து மூடியால் அளந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தனர். தவசிமுத்துவுக்கு மிளகாய் மில் தொண்டைக்குள்ளேயே ஓடுவதுபோல் இருந்தது.

அப்படியே காப்பாளரிடம் போயினர்.

"சார், அந்த ஒருத்தர் வந்திருக்காரு."

"எங்கடா?"

"இதோ, நாங்க நாலு பேரும் தான்."

நடந்ததைக் கேட்டுக் காப்பாளர் நெற்றியில் அறைந்துகொண்டார். "அடப் பாவிகளா! மூணு அறையில ஒருத்தன்கூடத் தொடமாட்டான், நாலாவது அறையில எல்லாருமே குடிப்பாங்க. மொத்தமாச் சேர்த்துச் சொல்றதுடா அது! உங்க அறையில யாரும் குடிக்கலன்னா நான் மாலையே போட்டிருப்பேனே!"

உலகநாதன் பணிவாகக் கேட்டான்: "அப்ப நாங்க நாலு பேரும் குடிச்சிட்டதால, மத்த மூணு அறையும் இனிமே தொடக் கூடாதுல்ல, சார்?"

விடையை எதிர்பாராமல் அண்டை அறைகளின் கதவைத் தட்டி, "மன்னிச்சிருங்க, உங்க பங்கையும் நாங்களே குடிச்சிட்டோம்" என்று அறிவித்துவிட்டு வந்தனர். ஓர் அறையிலிருந்து, "அநியாயம்டா! எங்களைக் கேட்டீங்களா?" என்று மெய்யான வேதனையோடு ஒரு குரல் எழுந்ததாம்.

காப்பாளர் சொல்லியனுப்ப, மறுநாள் தவசிமுத்துவின் தந்தை வந்து இறங்கினார். அவர் வேட்டியில் இருந்த மிளகாய் நெடிக்கே தவசிமுத்து தும்மத் தொடங்கினான்.

"குடிச்சியால?"

"கால்வாசிதான்ப்பா" என்றான், இரண்டு தும்மலுக்கு நடுவே.

"பூராவும் இல்லையே?"

"முக்கால்வாசி குடிக்கவே இல்ல."

தந்தை சொன்ன சொல் தவறாதவர், அநியாயமும் செய்யமாட்டார். நடைக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து யோசித்தார். "படிப்பை நிறுத்துவேன்னு சொன்னேன். நீ கால்வாசி குடிச்சிருக்கே. அதனால கால்வாசி படிப்பை நிறுத்துறேன். எத்தனை பாடம்?"

"நாலு."

"எதை நிறுத்தலாம்?"

நண்பர்கள் கூடிப் பேசி, இத்தனை வம்பையும் இழுத்துவிட்ட புள்ளியியலைச் சுட்டிக்காட்டினர். தந்தை அந்தப் புத்தகத்தைக் காதைத் திருகுவதுபோல் முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, "இனிமே இவன் உன்கூடச் சேர மாட்டான்" என்று அதையே அதட்டியபடி பேருந்து ஏறினார்.

செபமாலையின் கதை இவ்வளவுதான். இதையே சரக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் வேறு விதமாக முடிக்கக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லும் முடிவில் தந்தை நால்வரையுமே லாரியில் ஏற்றிவிடுகிறார். மற்றவர்கள் எதற்கு என்று காப்பாளர் தடுக்க, "கூட்டிட்டுப் போனா குடிகாரனை முழுசாத்தான் கூட்டிட்டுப் போவேன். கால்வாசியை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்கிறார்.