ராஜா பசித்திருந்த வெள்ளிக்கிழமை

வெகு காலத்துக்கு முன்னால் காவிப்பட்டணத்தை வீரகேளன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருடைய பல்லக்கு எந்தப் பக்கம் புறப்பட்டாலும் முன்னே முரசு அதிரும், "பராக்! பராக்!" என்று கட்டியம் ஒலிக்கும், வண்டிகள் ஒதுங்கிவிடும். சாலைக் குழிகளை முந்தின நாளே செம்மண் கொட்டி மூடியிருப்பார்கள். கிழக்குவாசல் சாலை கண்ணாடிபோல இருக்கிறது என்றே ராஜா நம்பினார்.

மந்திரி இளநாகருக்குத்தான் சோறு இறங்கவில்லை. மகளுக்கு நிறைமாதம். மருத்துவச்சி காத்தாயி இருப்பதோ அந்தச் சாலையின் மறுகோடியில். போன மாதம் ஒரு குயவர் வீட்டுப் பெண் வண்டி நெரிசலுக்கு நடுவிலேயே துடித்துச் செத்துப்போனாள்.

"சாலை சீர்கெட்டுக் கிடக்கிறது, மகாராஜா" என்றார் சபையில்.

சாலை அதிகாரி சொக்கேசர் சிரித்தார். ராஜாவின் சாப்பாட்டை ருசி பார்த்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் வாய் வைக்காமல் ராஜா ஒரு கவளம் தொடமாட்டார்.

"மந்திரியாருக்குக் கால் தள்ளாடுகிறது, பிரபு. பழியைச் சாலைமேல் போடுகிறார்."

"அப்படியானால் நாளைக் காலை, ஐயா தம் தோட்டத்து வீட்டிலிருந்து கட்டியம் இல்லாமல் அந்தச் சாலையில் அரண்மனைக்கு வரட்டுமே" என்றார் இளநாகர்.

"வருகிறேன். சாப்பாட்டு வேளைக்கு நான் வந்து சேர்ந்துவிட்டால், இவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!"

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சரி!" என்று தொடையில் தட்டினார். மந்திரியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வாசல் காவலன் வந்து இளநாகரிடம் சொன்னான்: "நேற்றே மண் கொட்டிட்டாங்க ஐயா. ஒரு குழிகூடக் கண்ணில் படலே."

இளநாகர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நிறைமாதப் பெண்ணை எந்த வண்டியில் ஏற்றுவது? எந்த ஊர் வரை தாங்குவாள்?

இலை போட்டார்கள். ராஜா உட்கார்ந்தார். ஒரு நாழிகை போயிற்று. வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் மந்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் நாழிகையில் நெய் உறைந்தது.

"எங்கேய்யா அந்த ஆள்?" ராஜா எழுந்து, கட்டியத்துக்கும் காத்திராமல், பசியோடு நடந்தே போனார். மந்திரி பின்னால் ஓடினார்.

அன்று வெள்ளிக்கிழமை, சந்தை நாள். எந்தக் குழியை எப்படித் தாண்டுவது என்று சந்தை மாடுகளுக்கே அத்துப்படி. ஆனால் மண் மூடியபின் குழி எது, தரை எது? முதல் வண்டியே அச்சுவரை இறங்கிவிட்டது. பின்னால் இருநூறு வண்டிகள். நடுவில் சொக்கேசரின் பல்லக்கு சாய்ந்து நின்றது, தூக்கிகள் முழங்கால்வரை மண்ணில்.

"இறங்கித் தள்ளுமய்யா!" என்று ஒரு காய்கறிக்காரி கத்தினாள். "என் பூசணியெல்லாம் சேர்ந்தாலும் உம்ம கனம் வராது!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு எட்டு வைத்தார். கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. சிரிப்பு நின்றது.

"இந்தக் குழி என் காலத்திலா வந்தது?"

"தங்கள் அப்பா காலத்தில் வந்தது, மகாராஜா" என்றார் மந்திரி. "தங்கள் காலத்தில் வளர்ந்தது."

ராஜா காலை உருவிக்கொண்டார். "சொக்கேசரே, முதல் கவளம் இனி உமக்கில்லை. முதல் கூடைக் கல் உம்முடைய தலையில். இளநாகரே, என்ன வேண்டும், கேளும்."

"சாலை முடிய மாதக்கணக்காகும். என் மகளுக்கு அவ்வளவு நாளில்லை. தங்கள் கட்டியத்தை எனக்கு இரவல் கொடுங்கள்."

நாலாம் நாள் மதியம் வலி கண்டது. மந்திரி வாசலில் நின்றார். தூரத்தில் முரசு கேட்டது: "மருத்துவச்சி காத்தாயி வருகிறாள், பராக்! பராக்!" நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது. அவர் படியிறங்கி எட்டிப் பார்த்தார். பிறகு முரசு மறுபடி அதிர்ந்தது, இன்னும் கிட்டத்தில்.

"அப்பா, வந்துட்டாங்களா?"

"தெரு திரும்பிட்டாங்கம்மா."

அந்தச் சாலை செப்பனிட்டு முடித்த பிறகும் காவிப்பட்டணத்தில் ராஜாவுக்குக் கட்டியம் கூறியதில்லை. மருத்துவச்சிகளுக்கு மட்டும்தான்.