நாரையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நீர்நாய்

இலுப்பை மடுவில் ஒரு நீர்நாய் இருந்தது. அதன் பெயர் சுழியன். முக்குளித்து இரை பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. கரைச் சேற்றில் சர்ரென்று வழுக்கிவந்து தண்ணீரில் தொப்பென்று விழும். பார்க்கிறவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அதே கரையில் ஒரு மருத மரம். அதன் உச்சியில் நெட்டைக்காலன் என்ற நாரை தன் துணையோடு கூடு கட்டியிருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். பங்குனி மாதம் அடித்த சூறைக்காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. குஞ்சு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. துணையும் வேறொரு கூட்டத்தோடு பறந்து போய்விட்டது.

அன்றிலிருந்து நாரை கோரைப்புல்லுக்குள் நின்றது நின்றபடியே இருந்தது. இரை தேடவில்லை. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சுத்த சோம்பேறி! எழும்பிப் பறக்க வேண்டியதுதானே?" என்றது அணில்.

கீரிக்குக் கோபம் வந்துவிட்டது. மருதாயி அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் கீரிதான் மடுவில் இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது.

"சோம்பல் இல்லடி அது! மனச்சோர்வு. அதுவும் ஒரு நோய்தான். பெத்ததைப் பறிகொடுத்திருக்கான். துணையும் இல்லை. போன வருஷம் றெக்கையில பட்ட காயம் இன்னும் வலிக்குது. அவன் அப்பனும் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படித்தான் இருந்தாராம். இத்தனையும் ஒண்ணா வந்து உட்கார்ந்தா எந்த மனசு தாங்கும்? அவனைத் தனியா விடாதீங்க!"

எல்லோரும் முறை போட்டுக்கொண்டார்கள். அணில் காலையில் வந்து நாரையை வெயிலுக்கு அழைத்துப் போனது. ஆமை மத்தியானம் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தது. கீரி மூலிகை கொண்டு வந்தது. நாரைக்குப் பிடித்த நத்தைகளை முக்குளித்து எடுத்துவரும் வேலை நீர்நாய்க்கு வந்தது.

முதல் நாலு நாள் நீர்நாய் சந்தோஷமாகத்தான் செய்தது. ஐந்தாம் நாள் நத்தையோடு கரையேறியபோது அணில் ஓடிவந்தது.

"சுழியா! நெட்டைக்காலன் இன்னைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தானா?"

"பார்த்தான்."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான், சாப்பிட்டான்!"

அணில் துள்ளிக்கொண்டு போய்விட்டது. நீர்நாய் ஈரம் சொட்டச் சொட்ட அங்கேயே நின்றது. 'நத்தைக்காக மூச்சுமுட்ட முங்குறது நான். ஒரு வார்த்தை, நீ சாப்பிட்டியா சுழியான்னு கேட்டாளா?'

அன்றைக்குப் பிடித்தது அந்த எரிச்சல். அணில் நாரையோடு சிரித்தால் நீர்நாய்க்கு நெஞ்சு காந்தியது. ஆமை நாரையிடம் குசுகுசுவென்று பேசினால் இரண்டு காதும் அங்கேயே இருந்தன. தை மாதத்தில் தண்ணீர் வற்றியபோது அதன் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆற்றோடு கீழே போய்விட்டது. பிறந்ததிலிருந்து ஒன்றாக வேட்டையாடிய அண்ணன். அப்போது யாரும் நீர்நாயைத் தேடி வரவில்லை. வந்திருந்தாலும் அது சொல்லியிருக்காது. அன்றைக்கும் சேற்றில் வழுக்கி விழுந்து எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தது.

'எனக்கும் அந்த நோய் வரட்டும்! அப்போ தெரியும் சுழியன் யாருன்னு!'

நீர்நாய் நேராகக் கீரியிடம் போனது.

"அக்கா, இந்த மனச்சோர்வு எதனால வருது? தெரிஞ்சா நான் சூதானமா இருப்பேன்ல?"

கீரி பூரித்துப்போனது. "நல்ல கேள்வி கேட்டடா! சிலருக்கு வழிவழியா வரும். சிலருக்கு இழப்புக்குப் பின்னால வரும். ஒரு காரணமும் இல்லாமக்கூட வரும், அதுல வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனா தனியா ஒதுங்கிக் கிடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. வெயில் மேல படட்டும். பிடிச்ச விளையாட்டை விட்டுடாதே. துக்கத்தை உள்ளேயே பூட்டி வைக்காதே. அப்புறம், இலுப்பைப் பூ ஊறிப் புளிச்ச குட்டைத் தண்ணியை மறந்தும் குடிக்காதே! அந்த நேரத்துக்கு இதமா இருக்கும், பின்னால ஆளையே அமுக்கிடும்."

நீர்நாய் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டது. மறுநாளே அத்தனையையும் தலைகீழாகச் செய்யத் தொடங்கியது!

சாய்ந்த மருத மரத்தின் வேருக்கடியில் ஒரு இருட்டு வளை இருந்தது. அதற்குள் போய்ச் சுருண்டுகொண்டது. இரைக்குப் போகவில்லை. போகிற வழியில் புளித்த குட்டைத் தண்ணீரையும் வயிறு முட்டக் குடித்திருந்தது.

"சுழியா! சுழியா!" என்று அணில் கூப்பிட்டது.

நீர்நாய் வாயைத் திறக்கவில்லை. 'தேடட்டும். நல்லாத் தேடட்டும்!'

அணில் கொஞ்ச நேரம் தேடியது. பிறகு ஆமையிடம், "அண்ணனைப் பார்க்கக் கீழே போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனது. எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு கஷ்டம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இரண்டு நாள் ஆனது. நான்கு நாள் ஆனது. யாரும் வரவில்லை. முதலில் நீர்நாய்க்கு ஆத்திரமாக இருந்தது. பிறகு அழுகையாக வந்தது. அதற்கும் பிறகு ஒன்றுமே இல்லை. வளையின் வாசலில் ஒரு கெண்டை மீன் வந்து வாலாட்டியது. எட்டிப் பிடிக்கத் தோன்றவில்லை. பத்தாம் நாள், 'போதும், எழுந்து போவோம்' என்று நினைத்தது. கால் எழவில்லை. 'எழுந்து போய்த்தான் என்ன? நான் இல்லாமலே மடு நல்லாத்தானே இருக்கு' என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு நடிப்பு இல்லை.

அப்போது வளைக்குள் ஒரு நீளமான அலகு நுழைந்தது.

"சுழியா, உள்ளேயா இருக்கே? பத்து நாளா உன்னைக் காணலையேன்னு தேடி வந்தேன்."

நாரை! நீர்நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "போயிடு இங்கேயிருந்து! உனக்குத்தான் எல்லாரும் இருக்காங்களே. எனக்கு யாரு இருக்கா?"

"என்மேலயா பொறாமை?" நாரை சிரிக்கவில்லை. "மூணு குஞ்சைக் கொடுத்துட்டு வாங்கின கவனிப்புடா இது. உனக்கு வேணுமா?"

நீர்நாய் மெல்ல அதன் பக்கம் திரும்பியது. அண்ணன் போனதைச் சொன்னது. அப்போது ஒருவரும் தன்னைத் தேடி வராததைச் சொன்னது. கடைசியில், "நான் சும்மா நடிக்கத்தான் உள்ளே வந்தேன். இப்போ வெளியே வர முடியலை" என்று விம்மியது.

"நடிக்கிறவன் பத்து நாள் பட்டினி கிடப்பானா? நீ உள்ளே வர்றதுக்கு முன்னாடியே உனக்கு வலிச்சிருக்கு. சரி, வெளியே வர வேண்டாம். மூக்கை மட்டும் வெயில்ல நீட்டு."

"மூக்கை மட்டுமா?"

"எனக்கு முதல் நாள் அணில் அவ்வளவுதான் கேட்டா."

நீர்நாய் மூக்கை நீட்டியது. வெயில் சுட்டது. நாரை ஒரு நத்தையை உடைத்து அதன் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றது. மறுநாள் நீர்நாய் முன்னங்கால்களை நீட்டியது. மூன்றாம் நாள் மறுபடி மூக்கோடு நின்றுவிட்டது. நாரை கோபிக்கவில்லை.

விஷயம் தெரிந்து கீரி ஓடிவந்தது. நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டு தான் செய்த தந்திரத்தைச் சொன்னது.

"அக்கா, நீங்க சொன்னதை எல்லாம் கேட்டுட்டு மாத்திச் செஞ்சேன்."

"அட பைத்தியக்காரா! 'எனக்கு மனசு சரியில்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேடா!" என்றது கீரி. பிறகு குரல் தணிந்தது. "நானும் உன்னைக் கேட்டிருக்கணும். சிரிக்கிறவனைக் கேட்கத் தேவையில்லைன்னு இருந்துட்டேன்."

மூலிகையும் மீனும் வெயிலும் பேச்சுமாக நாட்கள் போயின. சில நாள் நன்றாக இருந்தது. சில நாள் மோசமாக இருந்தது. நீர்நாய் முழுசாகத் தேற ஆடி மாதம் ஆகிவிட்டது.

பொறாமை மட்டும் அடியோடு போய்விடவில்லை. ஒரு நாள் காலையில் அணில் நேராக நாரை பக்கம் போய் உட்கார்ந்தது. நீர்நாய்க்கு நெஞ்சு சுருக்கென்றது. பேசாமல் தண்ணீருக்குள் முங்கப் போனது. என்ன நினைத்ததோ, நின்று திரும்பியது.

"அணிலே! எனக்குப் பொறாமையா இருக்கு! என் பக்கத்திலயும் வந்து உட்காரு!" என்று கரை அதிரக் கத்தியது.

நாரை அலகைத் திறந்து சிரித்தது. அணில் ஒரே தாவலில் வந்து நீர்நாயின் ஈர முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இதுக்கா இத்தனை சத்தம்? சொல்லு, நீ சாப்பிட்டியா?"

மனம் வாடியவருக்குக் கிடைக்கும் அன்பைக் கண்டு பொறாமைப்பட்டு உள்ளுக்குள் வெந்து ஒதுங்காமல், நமக்கும் துணை வேண்டும் என்று தோன்றும் அன்றே வாய்திறந்து கேட்டுவிட வேண்டும்.