ஆற்றுக்கு உப்பு நீட்டிய ஈச்சி

தண்ணீருக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மணல் நாட்டின் நடுவே, கடலைவிடத் தாழ்ந்த ஒரு பள்ளத்தின் விளிம்பில் ஈச்சி பாறையுப்பை இடித்துக்கொண்டிருந்தாள். கை உலக்கையில், கண் பள்ளத்துக்குள். தத்தித் தத்தி நடக்கிற அவள் மகள் சிட்டு, ஓணானைத் துரத்திக்கொண்டு அடிமட்டத்துக்கே போயிருந்தாள்.

மலைப்பக்கம் இடி மாதிரி ஒரு சத்தம். மழையே காணாத பூமியில் ஏது இடி? நிமிர்ந்து பார்த்தால், ஆறு வருகிறது! நுரையும் மரமுமாக, வானத்தை மறைத்துக்கொண்டு. அத்தனை தண்ணீரை ஈச்சி கனவிலும் கண்டதில்லை.

"தள்ளு அக்கா, தள்ளு! கடலுக்கு வாழ்க்கைப்படப் போறேன். முகூர்த்தம் தப்பிடும்!"

"பிள்ளை கீழே இருக்கா தாயி, கொஞ்சம் நில்லு!"

"நிக்கிறதா? பொறந்ததிலேருந்து நான் நின்னதே இல்லையே!" என்று சிரித்தது ஆறு.

ஓடினாலும் எட்டாது. ஈச்சி இடித்த உப்பில் ஒரு கை அள்ளி ஆற்றின் முன்னே நீட்டினாள்.

அந்த நாட்டு வழக்கம் அது. வாசலில் உப்பு நீட்டினால் தட்டக்கூடாது. நாக்கில் பட்டுவிட்டால் அந்த வீட்டுக்கு இரண்டகம் செய்யக்கூடாது. வீட்டுக்காரி 'போய் வா' என்று சொல்லாமல் கிளம்பவும் கூடாது.

"அடிப் பாவி மகளே, நல்ல நேரம் பார்த்து நீட்டினியே!" புலம்பிக்கொண்டே ஆறு அதை நக்கியது. வந்த வேகத்தில் பள்ளத்துக்குள் குதித்தது.

ஈச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது பள்ளம் முழுக்கத் தண்ணீர். நடுவில் சிட்டு, பாயில் படுத்ததுபோல் மல்லாந்து, கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு மிதந்தாள். உப்புத் தின்ற ஆறு அவளை மேலே தூக்கிப் பிடித்திருந்தது.

"உன் பிள்ளை பத்திரம். இப்பவாவது சொல்லு அக்கா, நேரமாகுது!"

ஈச்சி கண்ணைத் துடைத்தாள். "மகராசியா போய்—"

"அம்மா!"

சிட்டு வாய் திறந்து சொன்ன முதல் சொல் அது. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள் ஈச்சி. பிள்ளையை இடுப்பில் வைத்ததும் அவளுக்கு உலகமே மறந்துபோனது. 'போய் வா' என்பதை அவள் கடைசிவரை சொல்லி முடிக்கவே இல்லை.

அன்றைக்கு நின்ற ஆறுதான் இன்றும் அங்கே ஏரியாகக் கிடக்கிறது. மலையிலிருந்து தண்ணீர் வந்து சேரும், ஒரு சொட்டும் வெளியே போகாது. வெயில் நீரைக் குடிக்கும், உப்பைத் தொடாது. அதனால் கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். மீன் கிடையாது. நீச்சல் தெரியாதவர்களும் அதில் மல்லாந்து படுக்கலாம். முதுகுக்கு அடியில் யாரோ தாங்குவதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், அது உப்புத் தின்ற கை.