ஒற்றைக் காளைக்கு மூன்று கயிறு

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தோள் துண்டை விரித்து, அதன் மறைவில் விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேசுவார். அழுத்திய விரல் அழுத்தியதுதான். பேச்சை மாற்றுகிறவன் மறுவாரம் சந்தைக்குள் தலை காட்ட முடியாது. துண்டுக்கு வெளியே நிற்கிற உலகத்துக்கு அங்கே என்ன வேலை?

தரகர் தவசியப்பன் அந்தப் புதன்கிழமை வரை அப்படித்தான் நினைத்திருந்தார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலையில் தொடங்கி, ஏமாந்து, அடிபட்டு, ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டு மேலே வந்தவர். அவரிடமும் போன் உண்டு. யாரையாவது கூப்பிட்டுத் திட்டுவதற்கு.

அன்று காலை மணப்பாறைச் சந்தைக்குச் செல்லக்கிளி என்ற பெண் ஒரு மயிலைக் காளையைப் பிடித்து வந்திருந்தாள். அதன் ஜோடியைப் பாம்பு கடித்துவிட்டது. ஏரிலும் வண்டியிலும் ஒரு மாடு இடப்பக்கமே பழகும், ஒரு மாடு வலப்பக்கமே பழகும். மாற்றிக் கட்டினால் மக்கர் பண்ணும். அதனால் ஒற்றைக் காளையை உழவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் கறிக்கு மாடு பிடிக்கிற மாசிலாமணி வந்தார். நாணயமானவர். தவசியப்பன் துண்டை விரித்தார். விரல்கள் பேசின.

"சம்மதந்தானே தாயி?"

"சம்மதம்ண்ணே. ஒத்த மாட்டுக்கு எத்தனை நாளைக்குத் தீனி போடுறது?" என்றவள், காளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். சாயங்காலம் வண்டியோடு வந்து பணத்தைக் கொடுத்து, பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் கயிற்றைக் கட்டிக் கயிறு மாற்றிக்கொள்வதாகச் சொல்லி மாசிலாமணி போனார்.

சந்தை சந்தையாகப் போய் வீடியோ எடுத்துப் போடுகிற மேகவர்ஷினி அங்கே நின்றிருந்தாள். அழுகையை எடுத்தாள். மாசிலாமணியின் முகத்தையும் எடுத்தாள். "இந்தக் காளை நாளைக்குக் கறிக்கடையில. பணம் அனுப்பிக் காப்பாத்துங்க" என்று போட்டுவிட்டாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மத்தியானம் டீக்கடையில் அவள் போனை நீட்டியபோது, தவசியப்பன் வாயில் போட்ட வடையை மெல்ல மறந்தார். பார்த்தவர்களின் எண்ணிக்கை பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவன் அழுகிறான். துபாயில் யார் வீட்டிலோ சமைக்கிற பெண் தன் சம்பளத்தில் பணம் அனுப்பியிருக்கிறாள்.

"இவங்க எல்லாம் நெசமான மனுசங்களாம்மா?"

"நெசந்தான் அங்கிள்."

அத்தனை கண்ணீருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் வேறு கேள்வி கேட்டிருந்தார்: "ஏனுங்க, இது வலத்து மாடுங்களா, இடத்து மாடுங்களா?" தாராபுரத்து விவசாயி நாச்சிமுத்து. போன மாதம் அவருடைய வலத்து மாடு கிணற்றில் விழுந்து செத்துவிட்டதாம்.

தவசியப்பன் பெஞ்சை விட்டுத் துள்ளி எழுந்தார். செருப்புத் தேய ஊர் ஊராக அலைந்தாலும் அகப்பட்டிருக்காத மனுசன்! டீ ஆறுவதற்குள் இந்தக் கண்ணாடித் துண்டு கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதே. சாமி வந்தவர் மாதிரி கத்தினார்: "வலத்து! வலத்துன்னு போடும்மா! உடனே கெளம்பி வரச் சொல்லு!"

காலையில் தன் துண்டுக்குள் அழுந்திய விரல் அவருக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.

சாயங்காலம் மூன்று பேர் மூன்று புதுக்கயிறோடு வந்து நின்றார்கள்.

"காளையை ஜனங்க வாங்கிட்டாங்க அங்கிள்" என்றாள் மேகவர்ஷினி. "வந்த பணம் மாசிலாமணி சார் விலையை விட நிச்சயம் ஜாஸ்தி இருக்கும். கோசாலையில விட்டுடறேன்."

நாச்சிமுத்து தன் இடத்து மாட்டையும் டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். "நீங்க வரச் சொன்னீங்கன்னுதானுங்க வந்தேன். மழைக்கு முன்னால உழுவோணும்."

மாசிலாமணியின் முகம் சிவந்திருந்தது. சட்டைப்பையில் போன் ஓயாமல் அலறியது. "கேளுய்யா தரகரே, கேளு! முன்னப் பின்ன தெரியாதவன்லாம் செத்துப்போன எங்கம்மாவை இழுத்து ஏசுறான். என் மக காலேஜுக்கே போட்டோ போயிருச்சு. நான் என்ன திருடினேனா? மொறையா ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேன். இனிமே கொடுத்தா, மெரட்டினாங்க, பயந்துட்டான்னு ஆயிரும். கயிறை மாத்து!"

செல்லக்கிளி தலை குனிந்தாள். "சம்மதம்னு சொன்னது சொன்னதுதாண்ணே. ஆனா அது உசுரோட இருந்தா நல்லாருக்கும்."

தவசியப்பன் எல்லாரையும் பார்த்தார். காலமெல்லாம் அடுத்தவர் மேல் பாய்ந்த கோபம், முதல் தடவையாக அவர் மேலேயே பாய்ந்தது. காளையை மாசிலாமணிக்குக் கொடுத்தால் ஓர் உயிர் போகும். மறுத்தால், அவர் துண்டை இனி யார் நம்புவார்?

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தரகர் காளையை யார் கையில் கொடுப்பது நியாயம்?

*

விடை: மாசிலாமணி கையில்தான். துண்டுக்குள் விரல் அழுந்திய நேரமே காளை அவருடையது. பார்த்தவர்கள் லட்சம் பேர் என்பதால் அவர்கள் வாங்கியவர்கள் ஆகிவிட மாட்டார்கள். வந்த பணம், அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போக வேண்டும். நாச்சிமுத்துவுக்குத் தேவை இருக்கிறது, உரிமை இல்லை. அதோடு, காளையை விட்டுக்கொடுக்க ஒருவரால்தான் முடியும்: அதற்குச் சொந்தக்காரரால். அவரிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தால் அது அவருக்குத் தோல்வி; அவராகக் கொடுத்தால்தான் கொடை. தவசியப்பன் பணத்தை வாங்கிச் செல்லக்கிளியிடம் கொடுத்துவிட்டு, கயிற்றை மாற்றி மாசிலாமணி கையில் வைத்தார். "தாராபுரத்தாரை வரச் சொன்னது என் தப்பு. நீ என்னை ஏசு" என்றார். மேகவர்ஷினி அங்கேயே நேரலையில் வந்து, இவர் முறைப்படி வாங்கியவர், முகத்தைக் காட்டியது என் பிழை என்று சொன்னாள். மாசிலாமணி காளையை டெம்போவுக்கு நடத்திப் போய், இறக்கிக் கட்டியிருந்த நாச்சிமுத்துவின் இடத்து மாட்டுக்கு வலப்பக்கம் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். உயரம், கொம்பு, நிறம் எல்லாம் கூடப் பிறந்த மாதிரி இருந்தன. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாங்கின விலைக்கே ஓட்டிட்டுப் போங்க" என்றார் நாச்சிமுத்துவிடம். "ஆனா ஒண்ணு. நான் பயந்து கொடுக்கலை. பாத்துக் கொடுத்தேன்."