முயல் குட்டிகளைக் கரைசேர்த்த இரும்புத் தகடு

காட்டோடையில் திடீரென்று வெள்ளம் வந்தது. செவ்வந்தி என்ற தாய்முயல் அப்போதுதான் புல் மேயக் கரைக்கு வந்திருந்தாள். அவளுடைய இரண்டு குட்டிகளும் ஓடை நடுவே ஒரு பாறையில் சிக்கிக்கொண்டன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

“ஐயோ, யாராவது வாருங்களேன்!” என்று அலறினாள்.

முள்ளம்பன்றியும் யானையும் மைனாவும் ஓடிவந்தன.

“கரையில் கிடக்கும் அந்தப் பலகைக்கல்லைப் பாலமாகப் போடுங்கள், யானையண்ணா! எவ்வளவு கெட்டி பாருங்கள்!” என்றது முள்ளம்பன்றி.

யானை கல்லைத் தூக்கிப் போட்டது. பாறை விளிம்பில் மோதிய கல் படீரென்று பிளந்து தண்ணீரில் முழுகியது. செவ்வந்திக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது.

சாலை போட வந்தவர்கள் விட்டுப்போன இரும்புத் தகடு ஒன்று புதரில் கிடந்தது.

“அதை எடுங்கள்!” என்று மைனா கத்தியது.

“கல்லே உடைந்துவிட்டது. இந்த மெல்லிய தகடா தாங்கும்?” என்றது முள்ளம்பன்றி.

மைனா பள்ளிக்கூட ஜன்னலுக்கு மேலே கூடு கட்டியிருந்தது. அங்கே கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது.

“தாங்கும்! கல்லில் ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவை மட்டும்தான் பிடித்திருக்கும். அந்தப் பிடி விட்டால் பிளந்துவிடும். இரும்பு அணுக்களோ தங்கள் எலெக்ட்ரான்களில் சிலவற்றைப் பொதுவில் விட்டுவிடும். அவை எங்கும் ஓடித் திரிந்து எல்லா அணுக்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மிதித்தால் அணு வரிசைகள் சறுக்கும், பிடி விடாது. மிதியுங்கள், அண்ணா!”

யானை மிதித்தது. தகடு உடையவில்லை, ஓரங்கள் மடங்கி வாய்க்கால் போல வளைந்தது. மடங்கிய ஓரங்கள் தொய்யவிடாமல் தாங்க, யானை அதைப் பாறைவரை நீட்டிப் பிடித்துக்கொண்டது.

“வாருங்கள், செல்லங்களா!” என்றாள் செவ்வந்தி.

“அம்மா, கால் ஜில்லென்று இருக்கிறதே!” என்று சின்னக்குட்டி நின்றது.

“உன் காலின் சூட்டை எலெக்ட்ரான்கள் வாங்கிக்கொண்டு ஓடுகின்றன! நிற்காதே, வா!” என்றது மைனா.

இரண்டும் ஓடிவந்து அம்மாவின் வயிற்றில் முகம் புதைத்தன. அடுத்த அலை பாறையை மூடியது.

செவ்வந்தி யானையின் காலில் முகத்தை வைத்து அழுதாள். மைனாவுக்கும் நன்றி சொன்னாள்.

முள்ளம்பன்றி தலைகுனிந்து ஒதுங்கி நின்றது. “நான் சொன்ன கல் உடைந்துவிட்டதே, அம்மா.”

“என் பிள்ளைகளுக்காக நீங்களும்தானே பதறினீர்கள்! சாகும்வரை மறப்பேனா, அண்ணா?” என்றாள் செவ்வந்தி.

தம்மிடம் உள்ளதைப் பொதுவில் வைத்துக் கூடி நிற்பவர்கள் எந்த அடியிலும் உடைவதில்லை. அவர்களால் பிழைத்தவர்கள் உதவிய ஒருவரையும் மறக்கக் கூடாது.