பொம்மை இஞ்சின் பூட்டுன சைக்கிள்

இந்த அநியாயத்தக் கேளுங்க. மெக்கானிக் இருதயராஜக் கடையவிட்டுத் தொரத்த, கட்டட ஓனர் வைரமணிக்கு ஒரு சாக்கு வேணும். தன் மகனோட பொம்மை விமானத்துல இருந்த இஞ்சினக் கழட்டிக் கொண்டாந்தாரு. "என் மோட்டார் வச்ச சைக்கிள்ல அந்த மோட்டாருக்குப் பதிலா இதப் பூட்டு. ஓடலன்னா கடையக் காலி பண்ணு"ன்னு தெருவே கேக்கச் சொன்னாரு.

மறுநாள் இருதயராஜு வண்டிய ஸ்டாண்டுல போட்டு இஞ்சினச் சுண்டிவிட்டான். சக்கரம் கிர்ருன்னு சுத்துச்சு. ஓனர் ஏறி உக்காந்து ஸ்டாண்ட எடுத்தாரு. பொட்டுனு நின்னுருச்சு.

"ஓடலல்ல? கெளம்பு."

"மொதலாளி, விமானத்துல இருந்தப்ப இதுமேல ஏறி உக்காந்தா ஓட்டுனீங்க?"

"லூசாடா நீ? தரையில நின்னுதான் ஓட்டணும்."

"அப்ப இதுக்கும் எறங்கி நில்லுங்க, ஓடும்."

தெருவே சிரிச்சுது. கடை இன்னும் அங்கதான் இருக்கு. ஓனர்தான் வீடு வரைக்கும் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனாரு.