கிரானைட் போட்ட மேடை

மரங்களுக்கு வைத்தியம் பார்க்கவும், வீடு கட்டியவர்களுக்குத் தோட்டம் போட யோசனை சொல்லவும் திருச்சியில் ஒரு சிறிய நிறுவனம் இருந்தது. அதை நடத்தியவர் ஹாஜிரா. வயது நாற்பத்து நான்கு. அவரிடம் தொழில் கற்க வந்தவர் தில்லைநாயகம். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாலை போட வெட்டிய மரங்கள் மனதை உறுத்தியதால் வந்தார் என்று சிலர் சொன்னார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்தார் என்று அவர் மனைவி சொன்னார்.

குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார்.

அன்று காலை காரை ஓட்டிக்கொண்டிருந்த தில்லைநாயகத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை. போகிற இடம் அப்படி.

வயலூர் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் முற்றத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, வட்டமாகச் சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் புதைந்த அடிமரம் மூச்சு முட்டி அழுகத் தொடங்கியிருந்தது.

முதல் தடவை போனபோது, மேடையை உடைத்து மண்ணை அள்ளும்படி குருவும் சீடரும் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைரவன், "கண்டிப்பா செஞ்சுடறோம்" என்றார். இரண்டாம் தடவை போனபோது மேடைக்குக் கிரானைட் போட்டிருந்தார். "பளிச்சுனு இருக்குல்ல?" என்று கேட்டார் வேறு.

இப்போது ஒரு கிளை முறிந்து, கீழே நின்ற காரின் மேல் விழுந்துவிட்டது. மரத்தை வெட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். அதற்காக வைரவன் மறுபடி கூப்பிட்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"சொன்னதைக் கேக்காத ஆளுக்கு எத்தனை தடவைதான் சொல்றது?"

ஹாஜிரா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி வேகத்தடை இருக்கு. மெதுவாப் போங்க."

அது பதிலா, வெறும் வேகத்தடையா என்று தில்லைநாயகத்துக்குத் தெரியவில்லை. இவரிடம் இதுதான் தொல்லை.

வைரவன் மரத்தடியில் காத்திருந்தார். மரத்தில் புதிதாக ஒரு விளக்குச் சரம் சுற்றியிருந்தது. தில்லைநாயகம் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஆணி அடிச்சிருக்கீங்க."

"சின்ன ஆணிதான் சார்."

"மரத்துல அடிச்சிருக்கீங்க."

"பின்ன ஆகாசத்துலயா அடிக்க முடியும்?" என்று சிரித்தார் வைரவன். அதற்குள் கார்க்காரர் போனில் கூப்பிட, சமாதானம் சொல்லிக்கொண்டே கேட் பக்கம் நடந்தார்.

ஹாஜிரா பையிலிருந்து மரச்சுத்தியலை எடுத்துச் சீடரிடம் கொடுத்தார். தில்லைநாயகம் பட்டை பிளந்திருந்த இடத்தில் ஓங்கித் தட்டினார். வெறும் பானையைத் தட்டியது போல 'டொம்' என்றது.

"உள்ளே ஒண்ணுமே இல்ல மேடம். வெட்டச் சொல்லிட்டுப் போயிடலாம். இவங்களுக்கு மரம் ஒண்ணுதான் கேடு."

"சுத்தி வாங்க சார்."

அது ஹாஜிராவின் வழக்கம். சாணுக்கு ஒரு தட்டு. மரத்தைச் சுற்றி முடிக்கும்வரை அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

தில்லைநாயகம் முனகிக்கொண்டே கிரானைட் மேல் ஏறினார். தட்டிக்கொண்டே போனார். சாலைப் பக்கம் 'டக்' என்றது. பின்பக்கமும் 'டக்'. சுவர்ப் பக்கம் இன்னும் கெட்டி. பொந்து விழுந்தது முதலில் தட்டிய அந்த ஒரு பக்கத்தில்தான். புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"நிக்குமா சார்?"

"நிக்கும். கனத்த கிளையைக் குறைச்சு, மேடையை எடுத்தா நிக்கும். ஆனா இந்த ஆள் எடுக்க மாட்டார். அடுத்த தடவை வந்தா மேடைக்குக் கூரை போட்டிருப்பார்."

வைரவன் திரும்பி வந்தார். தில்லைநாயகம் முந்திக்கொண்டார்.

"மேடையை உடைங்க. இல்லேன்னா மரத்தை வெட்டிக்கோங்க. இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல."

வைரவனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"செஞ்சுடறோம் சார்" என்றார்.

பார்த்தீர்களா என்பது போல தில்லைநாயகம் குருவைப் பார்த்தார். ஹாஜிரா மேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிடந்த ஒரு நைந்த தலையணையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோடது சார்?"

வைரவன் சற்றுத் தயங்கினார்.

"எங்க வீட்டம்மாவுது."

"தினமும் வருவாங்களா?"

"முட்டி ரெண்டும் போச்சு மேடம். லிஃப்ட்ல இறங்கி இது வரைக்கும்தான் நடக்க முடியும். சிமெண்ட் சொரசொரன்னு சேலையை இழுக்குதுன்னா, கிரானைட் போட்டேன். இருட்டினா பூச்சி பொட்டு தெரியலேன்னா, லைட் போட்டேன்." அவர் வேறு பக்கம் பார்த்தார். "இதையும் உடைச்சுட்டா மறுபடி ரூமுக்குள்ளேயேதான் கெடப்பா."

தில்லைநாயகம் சுத்தியலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இதுல உக்காந்தா எப்படி எந்திரிக்கிறாங்க?" என்று கேட்டார் ஹாஜிரா.

"எங்கே எந்திரிக்கிறது! நான்தான் வந்து தூக்கி விடணும். சீரியல் பாதியில விட்டுட்டு வரணும்."

"முதுகு சாய, கை ஊன்ற வசதியா ஒரு மர பெஞ்சு வாங்கிப் போடுங்க. மரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அதோ அங்கே. இதே நிழல்தான். அவங்களே எந்திரிச்சுக்குவாங்க."

வைரவன் அவர் காட்டிய இடத்தில் போய் நின்றார். அண்ணாந்து நிழலைப் பார்த்தார். இல்லாத பெஞ்சின் கைப்பிடியை ஊன்றி எழுவது போல ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார். பிறகு போனை எடுத்தார்.

"மேஸ்திரி, நாளைக்குக் கடப்பாரையோட வாய்யா. ஆமா, நீ கட்டினதுதான். உடைக்கணும்." போனை வைத்துவிட்டு, "கூட்டத்துல நான் பேசிக்கறேன் மேடம். எவன் வெட்டணும்கிறான்னு பார்த்துடறேன்" என்றார்.

இருவரும் காருக்கு வந்தார்கள். தில்லைநாயகம் வண்டியைக் கிளப்பினார். இதை அந்த மனிதர் முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அதற்குள் வைரவன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். அவ நடந்து வர்ற வழியில கல்லு குத்தாம இருக்க, மரத்தடி முழுக்க லேசா ஒரு சிமெண்ட் பூச்சு பூசிக்கலாமா?"

தில்லைநாயகம் இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"இதுக்கு மேல என்ன மேடம் சொல்றது இந்த ஆளுக்கு?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஹாஜிரா பின்சீட்டில் கிடந்த சுத்தியலை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இப்பத்தானே சார் ஒரு பக்கம் தட்டியிருக்கோம்."